லவினியா ஹேட்லியின் பழைய பெயர்

முதலாவது: 1877, தாது வருஷப் பஞ்சம். மேலக்குளத்தில் ஆறு குதிர் நெல் இருந்தும் சேரிக்கு ஒரு படி கொடுக்காமல் பூட்டி வைத்தது. இரண்டாவது: அதே பஞ்சத்தில், ஆவணி மாதம், மிஷன் விடுதிக்கு வந்துசேர்ந்த ஒரு பெண் குழந்தையின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போட்டது. மூன்றாவது: 1921. என் தாத்தா சாமுவேல் சட்டை போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தார் என்று, சட்டையைக் கழற்றி அந்தச் சட்டையாலேயே அவர் கைகளைப் பின்னால் கட்டியது. நான்காவது: 1957. எட்டாம் வகுப்பில் வாத்தியார் பெயர் கூப்பிடும்போது, “யாக்கோபு ஹேட்லி, எந்தத் துரைக்குடா ஒன் பாட்டி பெத்தா?” என்று கேட்டு வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தது. ஆறாவது: 1986. இருபது வருஷம் நான் கட்டிய தோல் பதனிடும் ஷாப் சங்கம், செயற்குழுவின் பதினோரு கையெழுத்தில் என்னை வெளியேற்றியது. ஐந்தாவதை விட்டுவிட்டேன். மனு எழுதுகிறவனுக்கு இது அழகல்ல. ஐம்பது வருஷம் மனு எழுதியிருக்கிறேன், கலெக்டருக்கு, லேபர் ஆபீசருக்கு, மந்திரிக்கு. இழைக்கப்பட்ட அநீதிகளைத் தேதி வரிசையில் எழுது, ஒன்றையும் முன்பின் மாற்றாதே, வரிசை தப்பினால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் உன்னை அங்கேயே பிடித்துவிடுவான் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இப்போது கல்லறைத் தோட்டத்தில், ஒரு கால் மண்ணுக்குள் இறங்கிய பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்து, மனதுக்குள் எழுதும் மனுவிலேயே நான்குக்கு அடுத்து ஆறுக்குத் தாவுகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஒரு வெள்ளாடு மட்டும் சிலுவை ஒன்றில் முதுகைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது.

மணி பத்தே கால் இருக்கும். சாமியானா ஓட்டை வழியாக ஒரு ரூபாய் அளவு வெயில் என் இடது முழங்காலில் விழுந்திருக்கிறது, லத்திக்கம்பு விழுந்த அதே இடம். இதமாகத்தான் இருக்கிறது. எதிரே புதுக் கருங்கல், வெள்ளைத் துணி போர்த்தி, தலையில் சாமந்தி மாலை. துணிக்கு அடியில் என்ன வெட்டியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்கள். லவினியா ஹேட்லி, பிறப்பு 1831 வெர்மான்ட், அமெரிக்கா, நித்திரை 1909. பழைய கல் பக்கத்திலேயே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் பெயரும் 1909-ம் மட்டும்தான் உண்டு. பிறந்த ஊர் கிடையாது, வயது கிடையாது. என் தாத்தாவுடைய அம்மாவின் கல். சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து நான் நாவற்பழம் தின்றிருக்கிறேன். மைக் செட்காரர் ஹலோ ஹலோ என்கிறார். ஆயர் ஜெயசிங் அங்கியைச் சரிசெய்துகொள்கிறார். அவருக்கு அந்தப் பக்கம், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தடித்த கோப்பு ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி அணைத்தபடி டாரத்தி அம்மாள். வயது எழுபத்து நான்கு. அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் பாட்டனாருடைய அத்தையை இருபத்திரண்டு வருஷமாகத் தேடி, எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, இத்தனை தூரம் விமானம் ஏறி வந்திருக்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார். உறவுக்காரரைப் பார்க்கும் சிரிப்பு. அதுதான் தாங்க முடியவில்லை. முறைத்தால் முறைக்கத் தெரியும், அடித்தால் நிற்கத் தெரியும், சிரித்தால் என்ன செய்வது என்று எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் போடவில்லை.

“என்ன தோழரே, வெள்ளைக்காரி பேரனுக்கு முன்வரிசையா?” என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான் மொக்கராசு. ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் முப்பது வருஷம் நின்றவன். விரல் நகங்கள் எல்லாம் அப்போதே போய்விட்டன. என்னை வெளியேற்றிய தாளில் கையெழுத்துப் போடாத ஏழு பேரில் உயிரோடு இருக்கிறவன் இவன் ஒருவன்தான். இன்றைக்கு இரண்டு சாட்சிகளில் ஒருவன் அவன், இன்னொருவர் டாரத்தி. இந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய அடக்கப் பதிவில் எதையாவது திருத்தினாலோ சேர்த்தாலோ, அந்தக் குடும்பத்தில் மூத்தவர் கல்லறைப் பக்கம் நின்று இறந்தவர் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் ‘கேட்டோம்’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவர் நான். சபைக்குள் நான் கடைசியாகக் கால் வைத்து ஐம்பத்தைந்து வருஷம் ஆகிறது, கடவுளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஆனாலும் மூத்தவர் நான்தான். “பையில என்ன, பட்டுச்சேலையா?” என்றான் மொக்கராசு. “பழைய புஸ்தகம்” என்றேன். “ஒனக்கு வேற என்ன இருக்கும்” என்று வெற்றிலையை அதக்கிக்கொண்டான். பழைய புத்தகம்தான். மிஷன் விடுதிப் பதிவேடு. தோல் அட்டை. எந்த ஆட்டின் தோலோ, தடவினால் என் தொழில் எனக்குத் தெரிகிறது, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தியது, நூற்றைம்பது வருஷம் ஆகியும் இன்னும் உரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஆயர் அதை என் கையில் கொடுத்து, “சபையில இந்தக் கையெழுத்தைப் படிக்க ஆள் இல்லீங்கய்யா, நீங்கதான் பழைய தஸ்தாவேசு எல்லாம் படிப்பீங்க, அந்த அம்மாவப் பத்தி ஏதாவது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். வியாழக்கிழமை போன் செய்தார். “செல்லரிச்சுப் போச்சு, ஒண்ணும் வெளங்கல” என்றேன். ஒரு இடத்தில் செல்லரித்தது உண்மை. மற்றதெல்லாம் அச்சுப்போல விளங்கியது.

கூட்டம் ஆரம்பித்துவிட்டது. டாரத்தி மைக்குக்கு வந்து கோப்பைத் திறந்தார். பக்கத்தில் நின்று தமிழாக்குகிறவள் ரெஜினா, என் அக்கா மகள், மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. நேற்றுச் சாயங்காலமே எனக்கு வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து, “மாமா, தயவுசெஞ்சு அங்க நின்னு ஏகாதிபத்தியம் அது இதுன்னு ஆரம்பிச்சிராதீங்க, பெயரப் படிச்சிட்டு வந்து ஒக்காந்திருங்க, போதும்” என்று கையெடுத்துக் கும்பிட்டவள். தன் மகளுக்கு லவினியா என்றே பெயர் வைத்திருக்கிறாள். அதற்குக் காரணமும் நான்தான். டாரத்தி ஒரு வாக்கியம் சொல்ல, ரெஜினா ஒரு வாக்கியம் சொல்ல, அமெரிக்கக் குடும்பம் ஒன்று எங்கள் கருவேல மரத்தடியில் ஒவ்வொருவராக வந்து நிற்கிறது. தகப்பன் எஸ்ரா ஹேட்லி, மலைச்சரிவில் கல் பொறுக்கி வேலி கட்டி ஆடு வளர்த்தவர். ஆடு என்றதும் மொக்கராசு என் விலாவில் இடித்தான், “நம்ம தொழில்தான்.” தாயின் பெயர் சப்மிட். அந்தக் காலத்தில் அங்கே பெண்பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைப்பார்களாம், அடங்கியிரு என்று அர்த்தம். பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் அடங்கியிரு, அடங்கியிரு. வெள்ளைக்காரன் எங்களை மட்டும்தான் அடங்கச் சொன்னான் என்று எத்தனை மேடையில் பேசியிருப்பேன். எஸ்ராவுக்கும் சப்மிட்டுக்கும் ஒன்பது பிள்ளைகள், ஐந்து தங்கவில்லை. 1829-இல் லவினியா என்ற குழந்தை இரண்டு வயதில் தொண்டை அடைப்பான் வந்து இறந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பிறந்த பெண்ணுக்கும் லவினியா என்றே பெயர் வைத்தார்கள். டாரத்தி இங்கே நிறுத்தி விளக்கினார், ரெஜினா சொன்னாள்: “இறந்த பிள்ளையோட பெயரை அடுத்து பிறக்கிற பிள்ளைக்கு வைக்கிறது அவங்க பக்கத்து வழக்கமாம். நாம தேடுற லவினியா ரெண்டாவது லவினியா.” கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். என் கை பைக்குள் போய்ப் பதிவேட்டின் விளிம்பைத் தொட்டது. இது எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை தெரியாது. பெயர் காலியாகக் கிடந்தால் அதில் அடுத்த பிள்ளையை ஏற்றுவது, வண்டியில் ஆள் ஏற்றுகிற மாதிரி, அவர்கள் வீட்டிலேயே நடந்த காரியம் என்பது எனக்குத் தெரியாது.

பதிவேட்டில் அதே காரியம் இருக்கிறது. ஏழு பத்திகள். எண், பழைய பெயர், தகப்பன், ஊர், இடப்பட்ட பெயர், தாங்குகிறவர், குறிப்பு. தாங்குகிறவர் என்றால் அமெரிக்காவில் இருந்துகொண்டு அந்தக் குழந்தையின் சாப்பாட்டுக்கும் துணிக்கும் அனுப்புகிறவர். தாங்குகிறவரின் பெயரே குழந்தைக்கு இடப்பட்டது. எண் முப்பதிலிருந்து ஐம்பதுவரை எங்கள் கரிசல்காட்டுப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக அபிகாயில் மூர், ஹன்னா பீபாடி, புரூடென்ஸ் கில்பர்ட். எண் முப்பத்தொன்று, லவினியா ஹேட்லி, தாங்குகிறவர் வெர்மான்ட் தேசத்துச் சபைத் தையற்சங்கத்து லவினியா ஹேட்லி அம்மாள். சித்திரையில் சேர்ந்தாள், ஆனியில் கழிச்சலில் இறந்தாள். அவளுடைய பழைய பெயர் இருந்த இடத்தைத்தான் செல் தின்றிருக்கிறது. தகப்பன் பெயரில் ஒரு துணைக்கால் மட்டும் மிச்சம். அங்கே அமெரிக்காவில் தையற்காரி அம்மாள் தன் பெயருள்ள பிள்ளைக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருப்பாள், பிள்ளை செத்தது என்று எழுதினால் மனம் கஷ்டப்படுவாள், ஆகையால் ஆவணியில் எண் நாற்பத்து நான்கு வந்து சேர்ந்ததும் அந்தப் பெயரையும் பாவாடையையும் அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்ட எண்ணத்தோடு செய்ததைக் கண்டித்துத் தீர்மானம் போட முடியும். எண் நாற்பத்து நான்கு ஆறு வயதுபோல் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. ஊர் மேலக்குளம் சேரி. தகப்பன் ரோட்டு வேலையில் இறந்தான், தாயும் இறந்தாள். குறிப்புப் பத்தியில் மூன்று வரி. ஒன்று: ‘இரண்டு தரம் ஓடிப்போய்ப் பிடித்துவரப்பட்டாள்.’ இரண்டு: ‘இடப்பட்ட பெயருக்குத் திரும்புவதில்லை, பழைய பெயரைச் சத்தமாய்க் கூப்பிட்டால் மாத்திரம் திரும்புகிறாள்.’ மூன்றாவது வேறு மசியில்: ‘1879 மார்கழி, தாங்குகிற அம்மாள் அங்கே நித்திரையடைந்ததாய்க் கடிதம். பெயர் அப்படியே இருக்கட்டும்.’ அவ்வளவுதான். அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, அதே விடுதியில் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாரம்மாவாகி, ஞானமுத்து என்ற உபதேசியாரைக் கல்யாணம் செய்து, என் தாத்தாவைப் பெற்று, 1909-இல் இந்த மண்ணுக்கு வந்தது. அப்போது அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வெர்மான்ட் எந்தத் திசை என்றுகூடத் தெரிந்திருக்காது.

“1870 மக்கள்தொகைக் கணக்கில் லவினியா இருக்கிறாங்க,” ரெஜினாவின் குரல் ஒலிபெருக்கியில் கரகரக்கிறது, “அண்ணன் வீட்டில் தங்கி இருக்காங்க, தொழில் தையல், கல்யாணம் ஆகல. 1880 கணக்கில் இல்லை. கல்லறை இல்லை. உயில் இல்லை. ஒரு மனுஷி அப்படியே கரைஞ்சு போயிட்டாங்க.” டாரத்தி நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் அப்பா சாகும்போது, லவினியா அத்தை எங்கே போனார் என்று மட்டும் கண்டுபிடி என்று சொன்னாராம். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் மிஷன் அறிக்கை ஒன்றில் ‘ஆசிரியை, லவினியா ஹேட்லி’ என்று பார்த்தாராம். அங்கேயே உட்கார்ந்து அழுதாராம். பெயர் ஒன்றாக இருப்பது போதாது, ஆதாரம் வேண்டும் என்று தேடிக்கொண்டே இருந்தாராம். அப்புறம் அதே நூலகத்தின் அடித்தளத்தில், இந்தியத் துண்டுப் பிரசுரங்கள் கட்டில், ஆதாரம் கிடைத்ததாம். கோப்பிலிருந்து அதை எடுத்துத் தூக்கிக் காட்டினார். கண்ணாடித்தாள் உறைக்குள் எட்டுப் பக்கம், சிவப்பு மசி, பின்னூசி போட்ட இடத்தில் துருவாக இரண்டு புள்ளி. ‘ஹேட்லி வம்சம்: அடிமைத்தளையை உடைத்த காதல். எழுதியவர்: தோழர் யாக்கோபு. 1972.’ என் தாத்தா பிறந்த வருஷம் அதில் இல்லை, இருந்திருந்தால் 1831-இல் பிறந்தவள் அறுபது தாண்டிப் பிள்ளை பெற்றாளா என்று அவருக்கு இடித்திருக்கும். கூட்டம் கைதட்டியது. திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ரெஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மொக்கராசு மட்டும் கைதட்டவில்லை, வாயில் வெற்றிலை, கையை எதற்கு அசைப்பானேன் என்று உட்கார்ந்திருந்தான். நான் தலையைக் குனிந்து ரூபாய் அளவு வெயிலைப் பார்த்தேன். அது முழங்காலிலிருந்து தொடைக்கு ஏறியிருந்தது.

ஐந்தாவது, 1972. எழுதுகிறேன், வரிசைப்படியே எழுதிவிடுகிறேன். ஷாப் வேலைநிறுத்தம் நாற்பதாவது நாள். முதலாளி பக்கத்து ஆள் ஒருத்தன் கடைத்தெருவில் மேடை போட்டு, “சங்கம் கேக்குறானுகளே, இவனுக வம்சம் என்ன, அட்டவணை உண்டா, அப்பனுக்கு அப்பன் பேரு தெரியுமா?” என்று பேசினான். எனக்கு இருபத்தெட்டு வயது. பதில் சொல்ல வேண்டியது என்ன? வம்சம் கேட்பதே அயோக்கியத்தனம், பிறப்பில் என்ன இருக்கிறது, தோலைப் பதப்படுத்துகிறவனுக்குத் தெரியும் எல்லாத் தோலும் தொட்டியில் ஒரே நாற்றம்தான் என்று. அதைத்தான் நான் படித்த பிரசுரங்கள் எல்லாம் சொல்லிக் கொடுத்தன. நான் என்ன செய்தேன்? வம்சம் காட்டினேன். எட்டாம் வகுப்பில் சிரித்த சிரிப்பு காதில் இருந்தது, அதைத் திருப்பி அடிக்க ஒரு கல் வேண்டும், கல் இந்தத் தோட்டத்தில் இருந்தது. லவினியா ஹேட்லி. வெர்மான்ட் என்ற ஊர்ப்பெயர் தாத்தா வாயில் சில சமயம் வரும். போதாதா? பஞ்சத்தில் கையில் விளக்கோடு வந்த வெள்ளைக்கார மங்கை, சேரி உபதேசியார் ஞானமுத்துவைக் கண்டாள், காதலித்தாள், துரைமார் தடுத்தும் கேளாமல் மணந்தாள், அவள் ரத்தமடா எங்கள் ரத்தம், உங்களில் எவனுக்கடா அப்படி ஒரு பாட்டி என்று எழுதினேன். எழுத எழுத நிஜமாகிக்கொண்டே வந்தது. வாயிற்கூட்டத்தில் படித்தபோது ஆட்கள் அழுதார்கள். மூன்று பதிப்பு போனது. சேரிப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். தாத்தா அப்போது உயிரோடு இருந்தார். எழுபத்தொன்பது வயது, என் இன்றைய வயது. கட்டிலில் படுத்தபடி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, “எங்கம்மா கறுப்புடா. சட்டிக் கரி மாதிரி இருப்பா. ஏண்டா வெள்ளைக்காரின்னு எழுதுன?” என்றார். நான் சொன்னேன், “தாத்தா, போராட்டத்துக்கு வேணும்.” அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சட்டையால் கை கட்டப்பட்டபோதுகூட அவர் முகத்தைத் திருப்பவில்லை என்பார்கள். தாத்தாவின் கறுப்பு அம்மாவை நான் வெள்ளைக்காரியாக்கினேன். விடுதியில் அவள் பெயரைத்தான் மாற்றினார்கள், நான் அவள் தோலையும் மாற்றினேன். இது ஐந்தாவது. குற்றவாளி: தோழர் யாக்கோபு.

“பேரப் படிக்கிறதுக்கு இம்புட்டு ஏம்ப்பா வேர்க்குது ஒனக்கு?” என்றான் மொக்கராசு. துண்டை நீட்டினான். அவன் பெயரும் வரிசையில் சேர வேண்டும். 1974-இல் சங்க உறுப்பினர் பட்டியலில் மொக்கன், அமாவாசை, கருப்பாயி எல்லாம் இருக்கக்கூடாது, அடிமைப் பெயர்கள் ஒழிக என்று தீர்மானம் போட்டு, நானே பேனாவை எடுத்து எல்லோருக்கும் புதுப்பெயர் இட்டேன். இவனுக்கு மலரவன். இதே மாதிரி பத்திகள்: எண், பழைய பெயர், இடப்பட்ட பெயர். யாராவது கூட்டத்தில் மலரவன் என்றால் இவன் பக்கத்து ஆளைப் பார்ப்பான். “மொக்க,” என்றேன் மெதுவாக, “நான் வச்ச பேரு ஞாபகமிருக்கா?” வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தான். “மலருவானுக்கு ஷாப்புல இருந்து ஏதோ கார்டு வந்துச்சாம், அப்படி யாரும் இங்க இல்லைன்னு போஸ்ட்மேன்ட்ட நானே சொல்லி அனுப்பிச்சிட்டேன். அந்த ஆளு இன்னும் வரலை.” பிறகு அவனாகவே சொன்னான், “எங்காத்தாளுக்கு எனக்கு முன்னால நாலு போச்சு. அஞ்சாவதுக்கு நல்ல பேரு வச்சா எமன் கண்ணுல படும்னு மொக்கைன்னு வச்சா. அதப் போயி அடிமைப் பேருன்னுட்ட.” ஐம்பது வருஷமாக இதை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எமனை ஏமாற்ற ஒரு பெயர். அவர்கள் ஊரில் இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்ததுக்கு வைத்துக் கூடவே பிடித்துக்கொண்டார்கள், எங்கள் சேரியில் பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, இது வேண்டாத பிள்ளை, இதை எடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று எமனிடம் பொய் சொன்னார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருத்தி அடுத்ததைக் குப்பையில் கிடத்தும்போது கை எப்படி இருந்திருக்கும். பதிவேட்டில் நாற்பத்து நான்காம் எண்ணின் பழைய பெயரை முதலில் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது? வெட்கம். மூட மனிதனே, வெட்கம் தோன்றியது. இந்தப் பெயரையா அந்த மைக்கில் படிப்பது, இதற்கு லவினியாவே தேவலையே என்று தோன்றியது. செல்லரித்துவிட்டது என்று நான் சொன்னதற்குப் பிரசுரத்தைக் காப்பாற்றுவது பாதிக் காரணம். மீதிப் பாதி அந்தப் பெயர்.

சொல்லாமல் விட்டால் என்ன. துணி விலகும், படிப்பேன், கேட்டோம் என்பார்கள், பிரியாணி இருக்கிறது. டாரத்தி தன் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய நிம்மதியோடு விமானம் ஏறுவார். ரெஜினாவின் மகள் பெயருக்கு ஒரு குறையும் வராது. நான் செத்த பிறகும் ‘ஹேட்லி வம்சம்’ கண்ணாடித்தாள் உறைக்குள் அமெரிக்காவில் பத்திரமாக இருக்கும். அதுதான் உறுத்துகிறது. மற்ற நாற்பது பிரசுரங்களும் செல்லரித்துவிட்டன, பொய் சொன்ன ஒன்றுக்கு மட்டும் உறை போட்டிருக்கிறார்கள். ஒரு கிழவி, என்னைவிட ஐந்து வயது இளையவள், நான் விட்ட கல்லைத் தங்கம் என்று பொறுக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்து நிற்கிறாள். அவளிடமிருந்து அதைப் பிடுங்குவதும் ஒரு அநீதிதான், ஏழாவது என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் பிடுங்கினால் கை வெறுமையாகுமா? 1879 மார்கழி என்று ஒரு வரி இருக்கிறதே. அவள் இருபத்திரண்டு வருஷம் தேடியது அந்த ஒரு வரி. லவினியா எங்கும் போகவில்லை, அங்கேயே தைத்துக்கொண்டிருந்து அங்கேயே இறந்தாள், அதனால்தான் அடுத்த வருஷக் கணக்கில் இல்லை. அவளுடைய சாவுச்சேதி எங்கள் தமிழில், எங்கள் ஆட்டுத்தோல் அட்டைக்குள் காத்திருந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. அவளுக்குச் சாவுக் கடிதம் உண்டு, முப்பத்தொன்றாம் எண்ணுக்கு ஒரு துணைக்கால்தான் உண்டு. ஆனால் இதில் கணக்குப் பார்க்க முடியாது. பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த வயதாகிவிட்டது.

“குடும்பத்தில் மூத்தவர், தோழர் யாக்கோபு ஐயா வந்து பெயரை வாசிப்பார்கள்” என்றார் ஆயர். நாற்காலியின் கால் மண்ணைவிட்டு வரமாட்டேன் என்றது. மொக்கராசு கை கொடுத்துத் தூக்கினான். நகமில்லாத விரல்கள், பிடி மட்டும் பழைய பிடி. டாரத்தி துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எனக்கு மறுமுனையை நீட்டினார், சிரித்தார். நான் துணியைப் பிடிக்கவில்லை. பையிலிருந்து பதிவேட்டை எடுத்தேன். ஆயரின் முகம் மாறியது. “ஐயா, செல்லரிச்சிருச்சுன்னீங்களே…” “பொய் சொன்னேன்” என்றேன். அது மைக்கில் விழுந்து சுவருக்கு அப்பால் ரோடுவரை போயிற்று. ரெஜினா என் முழங்கையைப் பிடித்தாள். “மாமா, என்ன செய்றீங்க, வேண்டாம் மாமா.” “நீ ஒண்ணும் சேர்க்காத, ஒண்ணும் விடாத. நான் சொல்றத அந்தம்மாவுக்கு அப்படியே சொல்லு.” சிறுவயதில் நான் எழுத்துக் கூட்டிப் படித்ததைப்போல் அவள் மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். அந்தப் பிரசுரத்தை எழுதியவன் நான். அதில் பெயர்கள் உண்மை, காதல் பொய். எங்கள் தாத்தாவின் அம்மா கறுப்பு. உங்கள் அத்தை அங்கேயே இறந்தார், 1879 மார்கழியில், அதாவது டிசம்பர் வாக்கில், இங்கே கடிதம் வந்திருக்கிறது. இதோ இந்த வரி. டாரத்தியின் கையிலிருந்து துணி நழுவியது, கல் பாதி தெரிந்தது, வெர்மான்ட் என்ற எழுத்துகள் வெயிலில் புதிதாக மின்னின. கூட்டத்தில் முணுமுணுப்பு. கிழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்று ஒரு குரல். டாரத்தி என்னைப் பார்க்காமல் ஏதோ கேட்டார். ரெஜினா தமிழில் சொன்னாள். “எங்க லவினியா தெச்ச உடுப்பு அந்தக் குழந்தைக்குச் சரியா இருந்துச்சான்னு கேக்குறாங்க மாமா.” எனக்குத் தெரியாது என்றேன். வேறொரு குழந்தைக்காகத் தைத்தது, பெரிதாகவோ சின்னதாகவோ இருந்திருக்கும், போட்டுக்கொண்டுதான் இரண்டு தரம் ஓடியிருக்கிறாள். அதையும் ரெஜினா சொன்னாள். டாரத்தி அருகில் வந்தார். படிக்கத் தெரியாத எழுத்துகளின்மேல், மார்கழி வரியின்மேல், விரலை வைத்தார். அப்புறம் விரலை அதே வரிசையில் இடப்பக்கமாக நகர்த்திக்கொண்டே போய், இரண்டாவது பத்தியில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். கேள்வி புரிந்தது. அதற்கு ரெஜினா வேண்டியிருக்கவில்லை.

“சாட்சிக்காரங்க பக்கத்துல வாங்க” என்றேன். மொக்கராசு துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்தான், வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து நின்றான். டாரத்தி இந்தப் பக்கம். வெள்ளாடு தலையைத் தூக்கியது. சத்தமாய்க் கூப்பிட்டால் மாத்திரம் என்று எழுதியிருக்கிறது. ஷாப் வாசலில் ஐயாயிரம் பேருக்கு மைக் இல்லாமல் பேசிய தொண்டை இது, இப்போது சளிதான் மிச்சம். மைக்கை ஒதுக்கிவிட்டுப் பழைய கல்லைப் பார்த்து நின்றுகொண்டேன்.

“எண் நாற்பத்து நான்கு. ஊர், மேலக்குளம் சேரி. பெயர், குப்பாயி.”